"போகப் போகப் பழகிடும்" என்கிற பொய்

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு சமாச்சாரம்தான் நினைவுக்கு வரும். ஒன்று பட்டுச்சேலை, இன்னொன்று அரிசி. கமண்டல நாக நதிக்கரை ஊர். ஊருக்குள்ளும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுவட்டாரத்திலும் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. அந்தச் சத்தத்தைத் தாண்டித்தான் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.

தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கும் சைக்கிளில் உட்கார்ந்து மிதிக்கிறவருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை, உடம்பின் பாரம் மட்டும் ஒரு சின்ன இடத்தில். வித்தியாசம் என்னவென்றால், தறிக்காரர் தன் உட்காரும் பலகையைத் தன் உடம்புக்குச் சரிசெய்துகொள்கிறார். சைக்கிள்காரர் தன் உடம்பைச் சீட்டுக்குச் சரிசெய்துகொள்கிறார்.

வலிக்கிறது என்று சொன்னால் வீட்டிலும் கடையிலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "போகப் போகப் பழகிடும்."

இது பொய். நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் பொய்தான், ஆனாலும் பொய். செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா என்று கேட்ட ஊர் இது. சைக்கிள் சீட்டு விஷயத்தில் மட்டும் காலைத் தறித்துக்கொண்டிருக்கிறது.

தறிக்காரருக்குத் தெரிந்தது

குழித்தறியைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக. தரையில் ஒரு குழி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விடுவார். உள்ளே மிதிக்கட்டைகள். மிதிக்க மிதிக்கப் பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும். பிரிந்த வழியில் நாடா ஓடும். கை அச்சை இழுத்து ஊடையை அடிக்கும். நெய்த சேலை மடிக்கு எதிரே உள்ள மரத்தில் சுருண்டுகொண்டே வரும். ஒரு பட்டுச்சேலை முடிய நாள்கணக்கில் ஆகும், வேலைப்பாடு அதிகமென்றால் வாரக்கணக்கில் ஆகும்.

இதில் உட்காரும் பலகை கொஞ்சம் உயரமாகிவிட்டால் கால் மிதிக்கட்டையை எட்டிப்பிடிக்க வேண்டும். பலகையின் விளிம்பு தொடையை அறுக்கும். தாழ்ந்துவிட்டால் முட்டி மேலே வரும், கையைத் தூக்கித் தூக்கி நெய்ய வேண்டும், தோள்பட்டை போய்விடும். அதனால் பலகைக்கு அடியில் ஒரு கட்டை வைப்பது, மேலே கோணியையோ பழந்துணியையோ மடித்துப் போடுவது, கொஞ்சம் முன்னே தள்ளுவது, பின்னே தள்ளுவது என்று தனக்கு ஒத்துவரும் வரை பார்ப்பார். கணவன் எழுந்து மனைவி உட்கார்ந்தால் மறுபடியும் மடிப்பு மாறும். இதற்கு யாரும் பட்டம் வாங்கவில்லை. அளவுநாடாவும் கிடையாது.

நெசவாளர்களுக்கு முதுகுவலி, மூட்டுவலி இல்லை என்பதல்ல வாதம். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எந்தப் பலகையும் முழுசாகக் காப்பாற்றாது. ஆனால் தறியில் "பழகிடும்" என்று சொல்லி விட்டுவிட முடியாது. ஏன் தெரியுமா? உட்காருவது சரியில்லை என்றால் அடி சீராக விழாது. அடி சீராக விழவில்லை என்றால் சேலையில் தெரியும். சேலையில் தெரிந்தால் கூலியில் தெரியும்.

சைக்கிள் சீட்டு சரியில்லை என்றால் எங்கே தெரியும்? உட்காருபவரின் உடம்பில் மட்டும். அதுவும் வெளியே சொல்ல முடியாத இடத்தில். கூலி குறையாது, யாருக்கும் நஷ்டமில்லை. அதனால்தான் "பழகிடும்" என்ற வார்த்தை இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது.

இரண்டு வலி

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீட்டில் வரும் வலி இரண்டு வகை.

மரப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைப் புட்டத்துக்கு அடியில் வைத்துப் பார்த்தால் இரண்டு எலும்பு முனைகள் கையில் தட்டுப்படும். உட்காருவதற்கென்றே அமைந்த எலும்புகள் அவை. புதிதாக சைக்கிள் ஓட்டுபவருக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் அந்த இடத்தில் நோகும். இந்த நோவு உண்மையிலேயே பழகும். பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் அது இத்தனை காலம் ஓடுகிறது!

இரண்டாவது வகை அப்படியல்ல. அந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே, முன்பக்கமாக, எலும்பே இல்லாத மென்மையான பகுதி இருக்கிறது. பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாய்களும் அந்த வழியாகத்தான் போகின்றன. சீட்டு ரொம்பக் குறுகலாகவோ, மூக்கு மேலே தூக்கியோ, உயரம் அதிகமாகவோ இருந்தால் பாரம் எலும்பிலிருந்து நழுவி இந்த மென்மையான இடத்தில் இறங்கும். உராய்வு, எரிச்சல், பிறகு மரத்துப்போதல். ஆண், பெண் இருவருக்கும் இது உண்டு. பெண்களுக்கு இடுப்பெலும்பின் அமைப்பால் அந்த இரண்டு முனைகளும் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் விலகியிருக்கும். ஆகவே ஆணுக்குச் சரியாக இருக்கும் குறுகலான சீட்டு பெண்ணுக்குச் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மரத்துப்போவது பழக்கம் ஆவதல்ல. நரம்பு நசுங்குகிறது என்பதற்கான அறிவிப்பு. அடிக்கடி வந்தாலோ, இறங்கி நடந்த பிறகும் நீடித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். "பழகிடும்" என்று காத்திருக்கக் கூடாது.

ஒற்றைச் சக்கரம் சொல்லும் உண்மை

சீட்டின் யோக்கியதையைச் சோதிக்க வேண்டுமானால் அதை இரண்டு சக்கரத்தில் வைக்கக் கூடாது. ஒற்றைச் சக்கரத்தில் வைக்க வேண்டும். சர்க்கஸ் கூடாரத்தில் பார்த்திருப்பார்கள், ஒரு சக்கரம், இரண்டு பெடல், ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

சாதாரண சைக்கிளில் ஹேண்டில்பார் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. பள்ளம் வந்தால் பெடலில் எழுந்து நிற்கலாம். இறக்கத்தில் மிதிக்காமல் காலை ஊன்றி ஓய்வெடுக்கலாம். அதனால் மோசமான சீட்டுகூடத் தப்பித்துவிடுகிறது. ஒற்றைச் சக்கரத்தில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஹேண்டில்பார் இல்லை. பெடல் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும், மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நிற்கும். நிமிர்ந்த உடம்பின் பாரம் காலுக்குப் போனது போக மிச்சமெல்லாம் சீட்டில்தான்.

இதைச் சர்க்கஸ் வித்தை என்று மட்டும் நினைத்தால் தவறு. 2008-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 800 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒற்றைச் சக்கரத் தொடர் ஓட்டப் பந்தயமே நடந்தது. அப்படி மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் சீட்டு விஷயத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் பாடம். சைக்கிள் சீட்டைக் கழற்றி மாட்டிச் சமாளித்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. நடுவில் குழிந்து முன்னும் பின்னும் மேலே வளைந்த, வாழைப்பழம் மாதிரி வடிவமுள்ள சீட்டுக்குப் போனார்கள். முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைத்தார்கள், பாரத்தில் கொஞ்சம் கைக்குப் போகும். சீட்டுக்குள் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு ஒரு சைக்கிள் டியூபை மடித்து வைத்துக் காற்றடித்தார்கள். காற்றைக் கூட்டிக் குறைத்து அவரவர் உடம்புக்கு அளவு வைத்துக்கொண்டார்கள். ஆரணித் தறிக்காரர் கோணியை மடித்துப் போடுவதும் இதுவும் ஒரே வேலைதான்.

அங்கே ஒருவரும் "பழகிடும்" என்று சொல்லி 800 கிலோமீட்டர் போகவில்லை.

போலீஸ்காரர்களின் சீட்டு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கிற வியாதி, நம்மூர் ஆளுக்கு ஒன்றும் ஆகாது" என்பவர்கள் உண்டு. சரி, வெள்ளைக்காரன் ஊரில் என்ன நடந்தது என்றே பார்ப்போம்.

1997-ல் பாஸ்டன் நகரின் சிறுநீரகவியல் மருத்துவர் இர்வின் கோல்ட்ஸ்டைன், சைக்கிள் சீட்டு ஆண்மைக் குறைவை உண்டாக்கும் என்று ஒரு சைக்கிள் பத்திரிகையில் எச்சரித்தார். பெரிய ரகளை ஆனது. சைக்கிளையே விட்டுவிட வேண்டுமா என்று ஒரு கூட்டம், எல்லாம் புளுகு என்று இன்னொரு கூட்டம். நடுவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கல்ல, வேலை. பலருக்கு மரத்துப்போகும் தொல்லை இருந்தது.

அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நகரப் பகுதிகளைச் சேர்ந்த 90 ஆண் காவலர்களுக்கு மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னது. 2008-ல் வெளிவந்த முடிவு இதுதான்: மரத்துப்போகும் தொல்லையே இல்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம், ஆறு மாதம் கழித்து 82 சதவீதம். 2009-ல் அந்த நிறுவனம், சைக்கிளில் வேலை பார்ப்பவர்கள் மூக்கில்லாத சீட்டைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரையே வெளியிட்டது.

அந்த ஆறு மாதத்தில் மாற்றப்பட்டது சீட்டு. அதற்கு முன் அந்தப் போலீஸ்காரர்கள் வருஷக்கணக்கில் பழைய சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பழகுவதாக இருந்தால் அதற்குள் பழகியிருக்க வேண்டாமா?

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1890-களிலேயே, எலும்புக்கு இரண்டு திண்டும் நடுவில் இடைவெளியும் வைத்த கிறிஸ்டி சீட்டு அமெரிக்காவில் விற்றது. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயத்தைத்தான் இன்றைக்கும் கடையில் "பழகிடும்" என்று மூடுகிறார்கள்.

ஒரே அளவு, எல்லோருக்கும்

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை சைக்கிள் கற்றதே குரங்குப் பெடலில்தான். அப்பாவின் பெரிய வண்டி, நடுக்கம்பிக்கு அடியில் காலை விட்டு ஒரு பக்கமாகத் தொங்கி மிதிப்பது. கம்பிக்கு மேல் ஏறி ஒருநாள் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அதுவே பட்டாபிஷேகம். உட்கார முடிந்ததே பெரிசு என்ற இடத்தில், அந்தச் சீட்டு ஒத்துவருகிறதா என்று யார் கேட்பது? கேள்வி கேட்காத பழக்கம் அங்கே தொடங்கியது.

பெண்கள் கதை வேறு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியபோது ஒரு சுவையான விவரத்தைக் குறித்தார். பலர் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்களாம், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். அதாவது, எந்த வண்டி தங்களுக்கு ஆகும் என்பதை ஓட்டியவர்களே தீர்மானித்தார்கள். "பெண்களுக்கு இதுதான்" என்று கடைக்காரர் வைத்திருந்த முடிவை அவர்கள் ஏற்கவில்லை. சைக்கிள் விஷயத்தில் தமிழ்நாடு பார்த்த மிக நல்ல பாடம் அது.

பிறகு அரசின் விலையில்லா மிதிவண்டி வந்தது. 2001-02-ல் பிளஸ் 1 படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிற்கவில்லை. அருமையான திட்டம், இதில் மாற்றுக்கருத்துக்கே இடமில்லை. ஆரணியைச் சுற்றிய கிராமங்களிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும் பெண்ணுக்கு அந்த சைக்கிள் என்னவாக இருக்கிறது என்பதை பஸ் கிடைக்காத ஒரு காலையில் நின்று பார்த்தால் புரியும்.

ஆனால் விழா மேடையில் பேசப்படுவது எண்ணிக்கை. இத்தனை பள்ளி, இத்தனை வண்டி. பிளஸ் 1 வகுப்பில் நாலடி பத்து அங்குலப் பெண்ணும் இருப்பாள், ஐந்தடி ஏழு அங்குலப் பெண்ணும் இருப்பாள். இருவரும் ஒரே மாதிரி வண்டியை ஒரே மாதிரி சீட்டோடு உருட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். அந்தச் சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம், முன்பின் தள்ளலாம் என்பதை அவர்களுக்குச் சொல்வது யார்?

இந்த இடத்தில் நினைக்க வேண்டிய ஒரு கதை இருக்கிறது. 1950-ல் அமெரிக்க விமானப்படை தன் விமானிகள் 4,063 பேரை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், இருக்கை வடிவமைப்புக்கு முக்கியமான பத்து அளவுகளை எடுத்து, பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். விடை: பூஜ்யம். ஒருவர்கூட இல்லை! சராசரி ஆளுக்கென்று செய்த இருக்கை ஒருவருக்கும் பொருந்தாது என்று அப்போதுதான் உறைத்தது. விமானியின் இருக்கை நகர்த்தக்கூடியதாக மாறியது இந்த ஞானோதயத்துக்குப் பிறகுதான்.

சைக்கிள் சீட்டுக்கு அந்தச் செலவுகூட வேண்டாம். அது ஏற்கெனவே நகரக்கூடியது. நகர்த்தத்தான் ஆளில்லை.

மெத்து மெத்து மோசடி

வலிக்கிறது என்றால் கடையில் கிடைக்கும் இரண்டாவது பதில், "மெத்து சீட்டு போட்டுக்குங்க" அல்லது "மேல ஒரு ஜெல் கவர் மாட்டிக்குங்க". கட்டைவிரலால் அமுக்கிக் காட்டுவார்கள். அமுங்கும். காசு கைமாறும்.

கட்டைவிரலா அந்தச் சீட்டில் உட்காரப் போகிறது? ரொம்ப மெத்தென்ற சீட்டில் எலும்பு முனைகள் உள்ளே புதைந்துவிடும். புதைந்ததும் நடுப்பகுதி பிதுங்கி மேலே வரும். அது அழுத்துவது எதை? எதை அழுத்தக் கூடாதோ அதை. பத்து நிமிஷத்துக்குச் சொர்க்கம், ஒரு மணி நேரத்துக்கு நரகம். கடைத்தெருவுக்குப் போய்வர மெத்து சீட்டு போதும், தினமும் எட்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம் போகிறவருக்குப் போதாது.

நேர் எதிரான உதாரணம், இங்கிலாந்தில் 1866-ல் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனியின் தோல் சீட்டு. புதிதாக வாங்கினால் பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். ஓட்ட ஓட்ட, உட்காருபவரின் எலும்பு படும் இடத்தில் தோல் குழிந்துகொடுக்கும். "பழகிடும் என்பதற்கு இதுவே அத்தாட்சி" என்று இதைத்தான் காட்டுவார்கள். நன்றாகப் பார்த்தால், அங்கே பழகுவது யார்? சீட்டு மனிதருக்குப் பழகுகிறது. மனிதர் சீட்டுக்கு அல்ல :-)

பார்த்து வாங்குவது, சரியாகப் பொருத்துவது

குறை சொல்வது சுலபம். செய்ய வேண்டியதும் கஷ்டமில்லை. ஒரு ஸ்பானர், ஒரு துண்டு அட்டை, ஒரு முழ நூல், துணைக்கு ஒருவர். அரை மணி நேரம் போதும்.

1. அகலம். பார்சல் வந்த நெளிநெளி அட்டை ஒன்றை மர பெஞ்சில் போட்டு, நிமிர்ந்து ஒரு நிமிஷம் அழுத்தி உட்கார வேண்டும். எழுந்தால் இரண்டு குழி தெரியும். இரண்டின் நடுவுக்கும் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதைவிட 2, 3 சென்டிமீட்டராவது அகலமான சீட்டாகப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நம்மூர் வண்டிக்கு அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட்டு பொருந்தும். குனிந்து ஓட்டும் பந்தய வண்டிக்குத்தான் குறுகலான சீட்டு. பார்க்க ஸ்டைலாக இருக்கிறது என்று அதை இதில் மாட்டினால் அனுபவிக்க வேண்டியதுதான்.

2. உயரம். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துப் பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். முழங்கால் நேராக நிமிர்ந்தால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும், முழங்கால் தானாகவே கொஞ்சம் மடங்கும். மடங்கியே இருந்தால் சீட்டு தாழ்வு, முட்டிக்குக் கேடு. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தால்தான் எட்டுகிறது என்றால் சீட்டு உயரம், உராய்வும் வலியும் நிச்சயம். கணக்காக வேண்டுமென்பவர்களுக்கு: 1967-ல் ஹாம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் சொன்னபடி, அடிமட்டத்தில் இருக்கும் பெடலிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை, கவட்டிலிருந்து தரை வரையுள்ள அளவில் 109 சதவீதம். அந்த அளவு 70 சென்டிமீட்டர் என்றால் சீட்டு 76.3 சென்டிமீட்டர். இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். சீட்டைத் தாங்கும் குழாயில் "இதற்கு மேல் ஏற்றாதே" என்று கோடு போட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

3. சாய்வு. முதலில் மட்டமாக வைக்க வேண்டும். மூக்கு மேலே போனால் மென்மையான இடத்தை அழுத்தும். கீழே போனால் உடம்பு முன்னால் வழுக்கும், தாங்கித் தாங்கி மணிக்கட்டு நோகும். (ஒற்றைச் சக்கரத்துக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது, அங்கே சீட்டே வேறு வடிவம். முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைப்பவர்கள் அதிகம். குதிகால் சோதனை மட்டும் இரண்டுக்கும் பொது.)

4. முன், பின். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும்படி நிறுத்தி, முன்பக்க முழங்காலின் சில்லுக்குக் கீழிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால், அது பெடலின் அச்சுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். இது வேதவாக்கு இல்லை, தொடங்குவதற்கு ஒரு இடம்.

5. துணி. நான்கு தையல் சேரும் இடம் தடித்திருக்கும் ஜீன்ஸ், சுருண்டு மடியும் சுடிதார், இரண்டுமே நல்ல சீட்டைக்கூடக் கெட்ட சீட்டாக்கும். நடுத்தையல் உறுத்தாத உடைதான் சைக்கிளுக்கு உகந்தது.

6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். நாலையும் ஒன்றாகத் திருகிவிட்டு "எதுவும் சரிப்படவில்லை" என்று சொன்னால் எதனால் என்று தெரியாது. ஒன்றை மாற்றி, இரண்டு நாள் ஓட்டி, பிறகு அடுத்தது.

இவ்வளவும் செய்தும் மரத்துப்போகிறது என்றால் அப்போது சீட்டையே மாற்ற வேண்டும். நடுவில் பள்ளமோ துவாரமோ உள்ளது, மூக்கு குட்டையானது என்று பார்க்கலாம். ஒருவருக்குச் சுகமானது இன்னொருவருக்கு ஆகாமல் போகலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. நண்பர் சொன்னார் என்று சீட்டு வாங்குவது நண்பரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது மாதிரி.

வரக்கூடிய ஆட்சேபங்கள்

"சீட்டை உயர்த்தினால் கால் தரையில் ஊன்றாது, விழுந்துவிடுவோம்." நியாயமான பயம். கற்றுக்கொள்ளும் வரை சீட்டைத் தாழ்த்தி வைப்பதில் தவறே இல்லை. கற்ற பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு விரற்கடை ஏற்றலாம். நிற்க வேண்டிய இடத்தில் சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழக வேண்டும். லேடீஸ் சைக்கிளில் நடுக்கம்பி இல்லாததால் அது இன்னும் சுலபம். தவறு எங்கே என்றால், கற்றுக்கொள்ள வைத்த உயரத்திலேயே ஐந்து வருஷம் ஓட்டுவதில்.

"நோகாமல் நொங்கு தின்ன முடியுமா, வலியைத் தாங்கினால்தான் உடம்பு உறுதியாகும்." மூச்சு வாங்குவதும் தொடை கடுப்பதும் உறுதிக்கு வழி. அதைத் தாங்கட்டும். நரம்பு நசுங்குவதால் யாருக்கும் உறுதி வந்ததாகத் தெரியவில்லை.

"ஊரில் ஆயிரம் பிரச்சனை, பட்டு விலை ஏறுகிறது, நெசவாளர் பிள்ளைகள் தறியை விட்டுப் போகிறார்கள், சைக்கிள் சீட்டுதான் குறைச்சலா?" பெரிய பிரச்சனைகளுக்குப் பெரிய பணமும் பெரிய மனிதர்களும் வேண்டும். இதற்கு ஒரு ஸ்பானர் போதும். ஸ்பானரால் தீர்கிற பிரச்சனையைக்கூடத் தீர்க்காத ஊர், மற்றதைத் தீர்த்துவிடும் என்று எப்படி நம்புவது?

வாய் வராத இடம்

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வெட்கம். கை வலித்தால் சொல்லலாம், கால் வலித்தால் சொல்லலாம். பதினாறு வயசுப் பெண் சைக்கிள் கடையில் நின்று எங்கே வலிக்கிறது என்று சொல்வாளா? அம்மாவிடம் சொல்வதற்கே நாலு தடவை யோசிப்பாள். பையன் சொன்னால் நண்பர்கள் ஒரு வருஷத்துக்கு ஓட்டுவார்கள். ஆகவே யாரும் சொல்வதில்லை. சொல்லாததால் பிரச்சனையே இல்லை என்று ஆகிறது. மாடியில் சாத்திவைத்த சைக்கிளைப் பார்த்து, "வாங்கிக் குடுத்தா ஓட்டறதில்ல, சோம்பேறித்தனம்" என்கிறார்கள். "பழகிடும்" என்பது அந்த வெட்கத்துக்குப் போட்ட மூடி.

அந்த மூடியைத் திறக்க யாரும் வலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்பதுதான் நல்ல செய்தி. மிதிவண்டி கொடுக்கும் நாளில், பள்ளிக்கூட மைதானத்தில், ஊர் மெக்கானிக் ஒருவர் ஸ்பானரோடு நிற்கட்டும். உடற்கல்வி ஆசிரியை பக்கத்தில் இருக்கட்டும். வரிசையில் வரும் ஒவ்வொருவரும் ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் காட்டட்டும். ஏற்ற வேண்டியதை ஏற்றி, இறக்க வேண்டியதை இறக்கி, நட்டை முடுக்கி அனுப்பட்டும். ஆளுக்கு இரண்டு நிமிஷம். வளர்கிற வயசு என்பதால் ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை. யாரும் யாரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம். அடுத்த வருஷத்து சைக்கிள் கொடுக்கும்போது எந்தப் பள்ளியும் இதைத் தொடங்கலாம். அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரைக்கும் வீட்டில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பானரை எடுக்கலாம். தன் வண்டிக்கு முதலில். பிறகு தங்கை வண்டிக்கு, அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே.